பழைய களிமண் தரை ஓடு: கழுவுவது, ஒட்டுப்போடுவது, எண்ணெய் ஊட்டுவது

உங்கள் வீட்டுத் தரை எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் தக்கலைப் பக்கத்துப் பழைய வீடுகளில் சிவப்பாகக் கிடப்பதெல்லாம் ஒன்றல்ல. இணைப்புக் கோடே இல்லாமல் அறை முழுக்க ஒரே பரப்பாக இருந்தால் அது ரெட் ஆக்சைடு தரை, சிமென்ட் வேலை. பூவும் கட்டமும் போட்ட ஆத்தங்குடிக் கல்லும் சிமென்ட்தான். அதில் நிறம் மேலே கொஞ்ச கனத்துக்கு மட்டும் இருக்கும். சூளையில் சுட்ட களிமண் ஓடு வேறு. எந்தப் பழைய தரையிலும் மூலையில் உடைந்த ஓடு ஒன்று இருக்கும், அதன் உடைந்த பக்கத்தைப் பாருங்கள். மேலிருந்து அடிவரை ஒரே செங்கல் நிறமாக இருந்தால், நான் சொல்லப்போவது அதற்குத்தான். மற்ற இரண்டுக்கும் இதில் பாதி பொருந்தாது.

இந்த ஓடுகள் மேற்குக் கரையில் பெருகிய தொழில். பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ சபைக்காரர்கள் மங்களூர் ஜெப்புவில் 1865-ல் ஓட்டு ஆலை தொடங்கினார்கள். பிறகு கோழிக்கோடு, பெரோக் என்று ஆலைகள் வந்தன. கூரை ஓட்டோடு தரை ஓடும் செய்தார்கள். பரணில் கிடக்கும் ஓட்டைப் புரட்டி 1865 என்ற முத்திரையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அந்த வயதைச் சொல்லுகிற சொந்தக்காரர்கள் எனக்கும் உண்டு. அது ஆலை பிறந்த வருடம், ஓடு சுட்ட வருடம் அல்ல.

ஓட்டைவிட முக்கியம் அதற்கு அடியில் இருப்பது. மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தி, செங்கல் ஜல்லி போட்டு, மேலே சுண்ணாம்புச் சாந்து பரப்பி ஓடு பதித்திருப்பார்கள். பிளாஸ்டிக் ஷீட் கிடையாது, கான்கிரீட் கிடையாது. மழைக்காலத்தில் மண்ணின் ஈரம் மேலே ஏறும். ஓட்டின் நுண்துளைகள் வழியாகவும் இணைப்புகள் வழியாகவும் ஆவியாகிப் போய்விடும். வருடக்கணக்காகத் தரை இப்படித்தான் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இந்த வழியை அடைக்கிற எதைப் பூசினாலும் ஈரம் உள்ளேயே நின்று, உப்பாகவும் பொருக்காகவும் வேறு இடத்தில் வெளிவரும். தரைக்கு என்ன பூசலாம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். வேலையில் பெரும்பகுதி ஏற்கெனவே பூசியதை எடுப்பதும், காயும்வரை சும்மா இருப்பதும்தான்.

காலமும் பார்க்க வேண்டும். குமரிக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மாசி, பங்குனிதான் இந்த வேலைக்கு ஏற்ற மாதங்கள். ஆடியில் கழுவிய தரை ஐப்பசியிலும் காயாது.

தொடுவதற்கு முன் இரண்டு சோதனை

நடைபாதையில் ஒன்று, கட்டிலுக்கு அடியில் ஒன்று, அடுக்களையில் ஒன்று என மூன்று நான்கு இடங்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சிக் கறுத்தால் துளைகள் திறந்திருக்கின்றன. முத்துப்போல உருண்டு நின்றால் பழைய மெழுகோ பெயின்ட்டோ இருக்கிறது.

அடுத்தது ஈரம். ஒரு முழம் சதுரத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் தரையிலிருந்து வருகிறது. மேல்பக்கம் வியர்த்திருந்தால் அது காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

அடியில் ஈரம் அதிகம் என்றால் உடனே சீலர் (தண்ணீரைத் தடுக்கும் பூச்சு) வாங்க ஓடாதீர்கள். வெளியே போய்ச் சுவரைச் சுற்றிப் பாருங்கள். முற்றத்துக்குக் கான்கிரீட் போட்டு, அந்த மட்டம் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருக்கும். இல்லை, கூரைத் தண்ணீர் சுவரோரம் விழும். இல்லை, குளிமுறிக் குழாய் கசியும். அதைச் சரிசெய்யாமல் உள்ளே செய்வதெல்லாம் வீண்.

பழைய மெழுகை எடுப்பது

கிறிஸ்துமஸுக்கும் கோயில் கொடைக்கும் சிவப்பு மெழுகு பாலிஷைத் தடவி, பாதி வெட்டிய தேங்காய் மட்டையால் காலால் தேய்த்துப் பளபளப்பாக்குவது எங்கள் அம்மை காலத்து வழக்கம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் பழையதை எடுக்காமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பத் தடவியதால், அழுக்கும் மெழுகும் சேர்ந்து கரும் தோலாகப் படிந்திருக்கும். சோப்புத் தண்ணீருக்கு அது அசையாது.

பெயின்ட் கடையில் மினரல் டர்பென்டைன் கேளுங்கள். அறையின் உள்மூலையில் தொடங்கி வாசலை நோக்கி, ஒருநேரம் நான்கைந்து ஓடு என்று போங்கள். துணியை நனைத்து ஓட்டின்மேல் விரித்து ஒரு பத்து நிமிடம் விட்டால் மெழுகு இளகும். தேங்காய் நாராலோ நைலான் நாராலோ தேய்த்து, உடனே வேறு துணியால் துடைத்து எடுங்கள். துடைக்காமல் விட்டால் கரைந்த மெழுகு திரும்ப அங்கேயே படியும். இரும்பு நார் வேண்டாம். அதன் துகள் துளையில் மாட்டித் துருப்பிடிக்கும். ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும், அடுப்பும் சாமி விளக்கும் அணைந்திருக்கட்டும். அது எரியும் பொருள்.

மெழுகுக்குப் பதில் யாராவது எனாமல் பெயின்ட் அடித்திருந்தால் பெயின்ட் ரிமூவர் தடவி, தகட்டைப் படுத்த வாக்கில் வைத்துச் சுரண்ட வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் சோப்பு. காரமில்லாத திரவ சோப்பு ஏதாவது போதும். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரும் நன்றாகவே வேலை செய்யும். அடுக்களைப் பிசுக்குக்கு மட்டும் அரை வாளி வெந்நீரில் ஒரு கைப்பிடி சலவைச் சோடா. வாளியோடு கவிழ்த்துத் தரையைக் குளிப்பாட்டும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். ஊற்றுகிற தண்ணீர் அடியில் இறங்கி, அங்குள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வரும். நனைத்துத் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைத்தெடுங்கள், ஒவ்வொரு முறையும் வாளித் தண்ணீரை மாற்றி. சோடா உள்ளே தங்கினால் அதுவே பின்னால் வெள்ளையாகப் பூக்கும்.

வெள்ளை உப்பும் ஆசிட்டும்

காய்ந்தபின் மாவு தூவியதுபோல வெள்ளை தெரிந்தால் பயப்பட வேண்டாம். உப்பு பூத்திருக்கிறது. உலர்ந்த பிரஷால் கூட்டி, முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். சில வாரம் பூக்கும், கூட்டுவீர்கள், குறையும். குறையாவிட்டால் வெளியே ஈரம் வருகிற காரணம் இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கட்டத்தில்தான் கொத்தனார் ஆசிட் கேட்பார். "அக்கா, ஒரு பாட்டில் வாங்கித் தாங்க, ஒரு மணிக்கூர்ல பளபளன்னு ஆக்கித் தாறேன்." வேண்டாம் தம்பி என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடையில் கிடைக்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக். அது அழுக்கோடு இணைப்பிலுள்ள சுண்ணாம்பையும் தின்னும். தின்றதில் உண்டாவது கால்சியம் குளோரைடு. அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கிற உப்பு. அன்றைக்குத் தரை பளிச்சென்றுதான் இருக்கும், மழை வந்ததும் கசகசவென்று வியர்க்கத் தொடங்கும்.

அமிலம் உண்மையிலேயே தேவைப்படுவது ஒரே இடத்தில்: யாரோ சிமென்ட் சிந்தி, சாம்பல் நிறப் படலம் ஒட்டியிருக்கும்போது. அதற்கு எலுமிச்சை உப்பு போதும், லிட்டருக்கு 50 கிராம். ஓட்டை முதலில் வெறும் தண்ணீரால் நன்றாக நனைத்துவிடுங்கள். துளைகளில் தண்ணீர் நிறைந்திருந்தால் அமிலம் ஆழமாக இறங்காது. இணைப்பில் படாமல் தடவி, சில நிமிடத்தில் தேய்த்து எடுத்து, ஆப்பசோடாத் தண்ணீரால் ஒரு துடைப்பு, வெறும் தண்ணீரால் ஒரு துடைப்பு. எந்த அமிலத்தையும், கழிவறைத் திரவம் உட்பட, ப்ளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும். மூடிய அறையில் அது ஆளைச் சாய்த்துவிடும்.

எண்ணெய்க் கறைக்கு முல்தானி மட்டியை டர்பென்டைனில் குழைத்து, அரை அங்குல கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் ஒரு நாள் மூடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டால், காயக் காய மண் எண்ணெயை மேலே இழுக்கும். உதிர்த்துவிட்டு இன்னொரு தடவை செய்யலாம். பல வருடம் மீன் வறுத்த அடுப்படிக் கறை முழுதாகப் போகாது. போகவேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

உடைந்ததும் ஆடுவதும்

பிரஷின் மரப்பிடியால் ஒவ்வொரு ஓடாகத் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் அடியில் பிடிப்பு இல்லை. ஆடாத ஓட்டை, சத்தம் வந்தாலும் விட்டுவிடலாம். ஆடுவதை எடுக்க, முதலில் நான்கு பக்க இணைப்பையும் மெல்லிய உளியால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு நெம்புங்கள். இணைப்பு இருக்கும்போதே நெம்பினால் பக்கத்து ஓட்டின் விளிம்பும் போய்விடும்.

மாற்று ஓட்டுக்குப் புதிய கடையில் தேடுவது வீண். அளவும் நிறமும் சேராது. பழைய வீடு இடிக்கிற இடங்களில் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், உங்கள் வீட்டிலேயே அலமாரிக்கும் பத்தாயத்துக்கும் அடியில் இருக்கும் நல்ல ஓட்டை நடுவே கொண்டுவந்து, ஒட்டுப்போட்டதைப் பத்தாயத்தின் அடிக்கு அனுப்பிவிடலாம். நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன்.

பதிக்கச் சிமென்ட் வேண்டாம். சிமென்ட் ஓட்டைவிடக் கடினமானது. அடுத்த முறை எடுக்கும்போது ஓடுதான் உடையும். நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணலும் செங்கல் தூளும் சேர்த்து மூன்று பங்கு. ஓட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, நீர் வடிந்தபின் பதியுங்கள்; உலர்ந்த ஓடு சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிடிக்காது. இணைப்புக்கும் இதே கலவைதான், மணலை மட்டும் நன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். நிறத்தைச் செங்கல் தூளே கொடுத்துவிடும். சுண்ணாம்பு கையைப் பொத்துப்போகச் செய்யும், கையுறை போடுங்கள். ஒரு வாரத்துக்கு ஈரச் சாக்கு போட்டு, மெதுவாகக் காயவிடுங்கள்.

எண்ணெய்

எல்லாம் முடிந்து, தரை நன்றாகக் காய்ந்து, பிளாஸ்டிக் தாள் சோதனையில் அடிப்பக்கம் வியர்க்காமல் இருந்தால் மட்டும் இந்தக் கட்டம். வியர்த்தால் ஒன்றும் பூசாமல் அப்படியே பயன்படுத்துங்கள். பூசாத தரை கறைபடும், அவ்வளவுதான்.

சினேகிதிகள் பலரும் தேங்காய் எண்ணெய் போடலாமா என்று கேட்பார்கள். ஆத்தங்குடிக் கல்லுக்குத் தடவுவதைப் பார்த்திருப்பார்கள். தேங்காய் எண்ணெய் காயவே காயாத எண்ணெய். உறிஞ்சுகிற களிமண்ணுக்குள் போய்ப் பிசுக்காகவே கிடந்து தூசியையும் எறும்பையும் சேர்க்கும். இங்கே வேண்டியது காற்றுப்பட்டு இறுகும் எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் அப்படிப்பட்டது. பெயின்ட் கடை அண்ணாச்சியிடம் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேட்டால் தருவார்.

முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பென்டைனும் சரிபாதி. துணியால் மெலிதாகத் தடவி, இருபது நிமிடம் ஊறவிட்டு, மேலே மிச்சம் நிற்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். இந்தத் துடைப்பில் சோம்பல்பட்டால் தரை மாதக்கணக்கில் ஒட்டும். ஓரிரு நாள் காய்ந்தபின் இரண்டாவது பூச்சு, இன்னும் மெலிதாக. தடித்த ஒரு பூச்சைவிட மெலிந்த இரண்டு எப்போதும் மேல். தரை ஒரு சாயல் கறுக்கும். பிடிக்குமா என்று மூலையில் ஒரு ஓட்டில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எண்ணெய் பிடித்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் அமுக்கி நனைத்து, வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிட்டு அப்புறம் எறியுங்கள்.

எண்ணெய் வாசனையும் கறுப்பும் வேண்டாம் என்பவர்களுக்குக் கடையில் சிலேன், சிலாக்சேன் வகை சீலர் உண்டு. அது துளையை அடைக்காது, துளையின் சுவரில் மட்டும் படிந்து தண்ணீரைத் தள்ளும். ஆவி போக வழியிருக்கும். அக்ரிலிக், பாலியூரித்தேன், எபாக்ஸி என்று கண்ணாடிபோல மினுக்குவதாகச் சொல்கிற எதுவும் அடியில் தடுப்பில்லாத தரைக்கு ஆகாது. ஈரம் முட்டி, வெளுத்து, தோலாக உரியும். பிறகு அதை எடுக்கும் வேலை மெழுகு எடுப்பதைவிடப் பெரிய வேலை.

அன்றாடத்துக்குப் பெருக்குவதும், பிழிந்த துணியால் துடைப்பதும் போதும். ரப்பர் அடி வைத்த மிதியடி வேண்டாம். அதன் அடியில் ஈரம் தேங்கிக் கறுப்பு வட்டம் விழும். பனம்பாயோ சணல் விரிப்போ போடலாம். வருடத்துக்கு ஒருமுறை எல்லாத் தரைக்கும் எண்ணெய் என்று வழக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள், பழைய மெழுகுத் தோல் வந்தது அப்படித்தான். மறுபடி அந்த ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பார்த்து, உறிஞ்சுகிற இடத்துக்கு மட்டும் போடுங்கள். அது பெரும்பாலும் வாசலிலிருந்து அடுக்களைக்குப் போகும் தடமாக இருக்கும். கட்டிலுக்கு அடியில் இருக்கும் ஓட்டுக்கு ஒன்றும் வேண்டாம்.