எல்லா மாத்திரையும் ஒரே பையில்

சர்க்கரை நோயுள்ள பெரியவர் வீட்டில் இருந்தால், அவர் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் போட்டு டாக்டரிடம் கொண்டு போங்கள். சர்க்கரைக்கு நாகர்கோவிலில் ஒருவர், மூட்டு வலிக்கு மார்த்தாண்டத்தில் ஒருவர், 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வருவது வேறு. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் வந்தால் இரண்டையும் விழுங்கிவிடுவார்கள்; சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். ஒன்றேபோல இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் அன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.

வயதானவர்களுக்குச் சர்க்கரை இறங்குவது பெரிய ஆபத்து. வியர்வை, நடுக்கம் இல்லாமல் வெறும் தடுமாற்றமாகவும், சம்பந்தமில்லாத பேச்சாகவும் தெரியலாம். ரத்தச் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போய், நல்ல நினைவோடு இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், டாக்டரிடம் பெரியவரையே பேச விடுங்கள். மரச்சீனியும் மீன்கறியும் இல்லாமல் முடியாது என்றால் அதையும் சொல்லட்டும். எவ்வளவு, எந்த நேரம் என்று அவருக்கு ஏற்றபடி சொல்லித் தருவார்கள். மகன் வளைகுடாவில் இருந்தால் மருந்துச் சீட்டை வாட்ஸ்அப்பில் அவருக்கும் அனுப்பி வையுங்கள்.