ஸ்டுடியோவை வீடு என்று எழுதாதீர்கள்

பழைய குடும்பப் படங்களைப் பட்டியலிட வரும் புதியவர்கள், நாங்கள் எல்லாரும் தொடக்கத்தில் விழுந்த குழிகளிலேயே விழுகிறார்கள். படத்தில் விரல் படக்கூடாது என்பது போன்றவை எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்டுடியோவை வீடாக வாசிப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. ஒரு கண்காட்சியில், தலைப்பாகை கட்டிய பெரியவர் வட்ட மேசைமேல் கை வைத்து நிற்கும் படம். பின்னால் தூண்கள், ஒதுக்கிக் கட்டிய திரைச்சீலை. ‘ஆங்கிலேய பாணிக்கு மாறிய மதராஸ் வீடு’ என்று குறிப்பு. கீழ் விளிம்பைப் பார்த்தேன். தூணின் அடியில் துணி மடிப்பு தெரிந்தது; அது ஸ்டுடியோ திரையில் வரைந்த தூண். கம்பளம் பாதியில் முடிந்து, அப்பால் வெறும் தரை. அதே மேசை, காலில் அதே கீறலோடு, வேறொரு குடும்பத்தின் படத்திலும் இருந்தது. ஆனால் கண்காட்சி நூல் அச்சாகிவிட்டது. அந்தக் குறிப்பை நம்பி ஒருவர் ஆய்வுக் கட்டுரையே எழுதிவிட்டார்.

அன்று வீட்டுக்குள் படமெடுப்பது பெரும்பாடு. 1851-ல் வந்த கொலோடியன் முறையில், ரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டின் ஈரம் காய்வதற்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். அறை வெளிச்சமோ போதாது. 1880-களில் ஈரம் தேவைப்படாத உலர் தகடு பரவி, 1887-ல் மக்னீசியம் ஃப்ளாஷ் பொடியும் வந்த பிறகுதான் கொஞ்சம் எளிதானது. அதனால் வசதியானவர்களும் ஸ்டுடியோவுக்குத்தான் போனார்கள். புகைப்படக் கலைஞர் ராஜா தீன் தயாள் 1892-ல் ஹைதராபாத்தில் கோஷா பெண்களுக்கென்றே (அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குள் வாழ்ந்தவர்கள்) தனி ஸ்டுடியோ திறந்தார். கண்காட்சிப் படத்தின் அந்தத் தூணும் மேசையும், அந்தப் பெரியவர் எப்படித் தெரிய விரும்பினார், ஸ்டுடியோக்காரர் எதை நாகரிகம் என்று நினைத்தார் என்பதைச் சொல்லும். அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார், உட்கார்ந்தாரா என்பதையே கூடச் சொல்லாது.

பரிமாற்றத்தை ஒருவழியாகப் பார்ப்பது

நம்மவர்கள் ஆங்கிலேய பாணிக்கு மாறியதை மட்டும் எழுதினால் போதாது. வெள்ளைக்காரர் பங்களாவின் கூடத்தில் கூரையிலிருந்து தொங்கும் பங்காவை, அதாவது கயிற்றால் இழுத்து ஆட்டும் துணி விசிறியைப் பாருங்கள். உள்ளூர் வெயிலுக்கு அவர்கள் வளைந்துகொடுத்த அடையாளம் அது. கயிறு சுவர்த் துளை வழியாக வெளியே போகும். அதை இழுத்தவர் படத்தில் இருக்கமாட்டார். குறிப்பில் அவருக்கு ஒரு வரி கொடுங்கள்.

‘கருப்புச் சேலை’

படத்தில் கருப்பாகத் தெரிவதைக் கருப்பு என்றே எழுதிவிடுவது அடுத்த தவறு. அந்தக் காலத் தகடுகளில் சிவப்பு பதியாது. அரக்குச் சேலை கருப்பாகவும், நீலம் வெளுத்தும் விழும். நிறத்தை ஊகித்து எழுத வேண்டாம்.

அட்டையின் பின்பக்கம்

படம் ஒட்டியிருக்கும் அட்டையின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.