பழைய ஸ்லாட் மெஷின் ரெப்ரோ வாங்கும்போது பண்ணக்கூடாத தப்புங்க

அமெரிக்கால பழைய ஸ்லாட் மெஷின், அதாவது காசு போட்டு ஹேண்டில இழுத்து ஆடுற சூதாட்ட மெஷின் சேர்க்கிறவங்கள்ல, ரெப்ரோன்னாலே (பழைய டிசைன்ல பின்னால செஞ்ச நகல்) மூஞ்ச சுளிக்கிறவங்க ஒரு பக்கம், பளபளன்னு இருக்கேன்னு ஒரிஜினல் விலைய கொட்டிக் குடுக்குறவங்க இன்னொரு பக்கம். ரெண்டுமே தப்புதான். மில்ஸ் கோல்டன் நகெட்ங்கற மாடல எடுத்துக்கோங்க, நிறைய மெஷின்ல வெளி முகப்பு மட்டும் பிற்காலத்துல புதுசா வார்த்தது, உள்ள ஓடுறது மில்ஸ் கம்பெனியோட பழைய மெக்கானிசம், அது நல்ல சரக்கு, அதுக்குன்னு ஒரு நியாயமான விலை இருக்கு.

அதனால முகப்ப மட்டும் பாத்து முடிவு பண்றதுதான் இருக்கறதுலயே பெரிய தப்பு. பின் கதவ திறக்கச் சொல்லுங்க. காசு போட்டு ஹேண்டில இழுத்தா படம் போட்ட மூணு ரீலும் இடதுலேர்ந்து வலது பக்கமா ஒண்ணு ஒண்ணா டக், டக், டக்னு நிக்கணும். அந்த இடைவெளிய குடுக்கறது உள்ள இருக்கற க்ளாக்னு சொல்ற சின்ன பல்சக்கர செட்டு, சின்ன விசிறி ஒண்ணு சுத்தும் பாருங்க அதுதான். பழைய எண்ணெய் பிசினா இறுகிப் போச்சுன்னா மெஷின் பாதில திணறி நின்னுடும். க்ளீன் பண்ணா சரியாயிடும், ஆனா பல்லு தேஞ்சிருந்தா செலவுதான்.

அடுத்து வார்ப்பு. பழைய முகப்பையே அச்சா வச்சு மண்ணுல புதுசா வார்க்கும்போது உலோகம் ஆறி லேசா சுருங்கும், அதனால சைஸ் ஒரு துளி குறையும், முகப்புல இருக்கற கழுகோட இறகு, எழுத்தோட ஓரம் எல்லாம் மழுங்கி இருக்கும். விரல வச்சு தடவிப் பாருங்க, தெரியும். ஸ்க்ரூவையும் பாருங்க, ப்ளஸ் தலை ஸ்க்ரூ புழக்கத்துக்கு வந்ததே 1930கள் நடுவுலதான், 1915 மெஷின்னு சொல்லி அதுல அது இருந்தா யாரோ கை வச்சிருக்காங்க.

ஆரம்ப காலத்து ஸ்லாட் மெஷின் தயாரிப்பாளர் சார்லஸ் ஃபே செஞ்ச லிபர்ட்டி பெல்ங்கற மெஷினோட ஒரிஜினல்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க. அவர் மெஷின விக்கவே இல்ல, மதுக்கடைங்கள்ல வச்சு வருமானத்துல பங்கு வாங்கிட்டிருந்தார், 1906 சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்துல பட்டறையும் போச்சு, மிஞ்சினது விரல்விட்டு எண்ணலாம். ஜப்பான்ல சேகா கம்பெனி மில்ஸ் டிசைன பாத்து செஞ்ச மெஷின மில்ஸ்னே விக்கறதும் உண்டு. சேகாவ சேகாவா வாங்குனா தப்பே இல்ல, அதுவும் இப்போ பழசாயிடுச்சு.

சட்டத்த மறந்துடாதீங்க, இதுல நிறைய பேர் கோட்டை விடுறாங்க. கலிபோர்னியால வச்சுக்கணும்னா 25 வருஷம் தாண்டுன மெஷினாதான் இருக்கணும், அதையும் சூதாட்டத்துக்கு ஓட்டக்கூடாது. டிசைன் வாட்லிங் கம்பெனியோட 1935 மாடல் ரோல்-ஏ-டாப்பா இருந்தாலும் செஞ்சது போன வருஷம்னா அது ஆன்டிக் ஆகாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேற, சில இடத்துல வீட்டுல வச்சிருக்கவே கூடாது. காசு குடுக்கறதுக்கு முன்னாடியே பில்லுல எந்தெந்த பாகம் புதுசு, எது பழசு, எப்போ செஞ்சதுன்னு எழுதி வாங்கிடுங்க, எழுத மாட்டேன்னு சொன்னா அந்த மெஷின விட்டுட்டு வந்துடுங்க.