ஆட்டோகிராஸுக்கு முதல் ரிம், முதல் டயர்: கையைக் கடிக்காமல் வாங்குவது எப்படி?

கார் நிறுத்துமிடத்தில் கூம்புகளை வைத்து, அவற்றை வளைத்து ஓட்டி நேரம் பிடிப்பதுதான் ஆட்டோகிராஸ். ஒரு ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். முதல் கியர், இரண்டாவது கியர், அவ்வளவுதான். இங்கே எஞ்சினைவிட டயர் தரையைப் பிடிக்கிற பிடிதான் பேசும். ஆனால் கோலாலம்பூரில் இந்த விளையாட்டுக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகள் பலர் முதலில் 17 அங்குல ஸ்போர்ட் ரிம் வாங்கி மாட்டுகிறார்கள், மிஞ்சிய காசுக்கு என்ன டயர் கிடைக்கிறதோ அதைப் போடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். கையில் உள்ள பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு டயருக்குப் போகட்டும்.

மைவி, சாகா போன்ற முன்சக்கர இழுவைக் காரில் தினமும் வேலைக்கும் போய், ஞாயிற்றுக்கிழமை அதே காரில் ஓட்ட வருபவருக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: முதலில் எதையும் வாங்காதீர்கள்

முதல் சில போட்டிகளை இப்போது காரில் இருக்கும் டயரிலேயே ஓடுங்கள். சாதாரண டயர் வழுக்கும் முன்பே கத்தும், மெதுவாகத்தான் பிடியை விடும். எந்த இடத்தில் அதிகமாகத் திருப்பினீர்கள், எங்கே தாமதமாக பிரேக் பிடித்தீர்கள் என்பது காதிலேயே விழும். ஒட்டும் டயர் இந்தத் தவறுகளையெல்லாம் மூடி மறைத்துவிடும்.

டயர் நல்ல நிலையில் இருக்க வேண்டும், அது மட்டும் முக்கியம். பக்கச் சுவரில் டிஓடி எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியாக வரும் 4 இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளக் கோடுகளுக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடுகள் 1.6 மில்லிமீட்டர் உயரம். மேல்ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்திருந்தால் அந்த டயரோடு போட்டிக்கு வரவே வேண்டாம்.

படி 2: காரின் அளவுகளை எழுதி வையுங்கள்

கடைக்குப் போகும் முன் நான்கு விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்: பிசிடி, நடு ஓட்டை, ஆஃப்செட், நட்டு.

மைவிக்கு பிசிடி 4x100. அதாவது 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு போல்ட். நடு ஓட்டை 54.1 மில்லிமீட்டர். வெளியில் விற்கும் ரிம்களில் பெரும்பாலும் ஓட்டை இதைவிடப் பெரிதாக இருக்கும், 73.1 வரைக்கும் பார்க்கலாம். இடைவெளியை நிரப்ப வளையம் போட வேண்டும். பிளாஸ்டிக் வளையம் பிரேக் சூட்டில் உருக்குலைந்து போகலாம், அலுமினிய வளையமாகக் கேளுங்கள். நட்டு 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். ஹோண்டாவின் ஒரிஜினல் ரிம்முக்கு உருண்டை முகமுள்ள நட்டு, வெளிச் சந்தை ரிம்முக்குப் பெரும்பாலும் கூம்பு முகமுள்ள நட்டு. மாற்றிப் போட்டால் முறுக்கியது போலத் தெரிந்தாலும் ஓட்டத்தில் தளர்ந்துவிடும்.

ஆஃப்செட்டில்தான் ரொம்பப் பேர் தடுமாறுகிறார்கள். ரிம் காரோடு பொருந்தும் முகம், ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இப்போது காரில் 6 அங்குல அகல ரிம், ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டது 7 அங்குலம், ஆஃப்செட் 35. அகலம் ஒரு அங்குலம் கூடுகிறது, பக்கத்துக்கு 12.7 மில்லிமீட்டர். ஆஃப்செட் 10 குறைவதால் ரிம் முழுவதும் இன்னும் 10 மில்லிமீட்டர் வெளியே வரும். ஆக வெளிப்பக்கம் 22.7 மில்லிமீட்டர் நீட்டும், உள்பக்கம் 2.7 மட்டும் கூடும். டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) தடுப்புச் சோதனையில் சிக்கல், வளைவில் உரசவும் செய்யும். ஆஃப்செட் 40-ஐ ஒட்டிய ரிம் கிடைத்தால் நிம்மதி.

படி 3: 15 அங்குல ரிம் போதும்

டயர் அளவில் முதல் எண் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 185/55 ஆர்15 டயரின் முழு விட்டம் சுமார் 585 மில்லிமீட்டர். 195/50 ஆர்15 போட்டால் 576. விட்டம் குறைவதால் இரண்டாவது கியரின் இழுப்பு லேசாகக் கூடும், கார் கொஞ்சம் தாழும். இரண்டுமே ஆட்டோகிராஸுக்கு நல்லது. வேகமானி மட்டும் உண்மையைவிடக் கொஞ்சம் அதிகம் காட்டும். 205/40 ஆர்17 போட்டாலோ விட்டம் 596 ஆகிவிடும், எடையும் ஏறும், டயர் விலையும் ஏறும். இன்னொரு காரணம், இந்த வகைப் போட்டிக்கு ஏற்ற டயர்கள் 195/50 ஆர்15 அளவில்தான் நிறையக் கிடைக்கின்றன. ரிம் அகலம் 6.5 அல்லது 7 அங்குலமாக இருந்தால் டயரின் பக்கச் சுவர் நிமிர்ந்து நிற்கும், வளைவில் மடங்காது.

பழைய ரிம் வாங்கத் தயங்க வேண்டாம். ஜப்பானிலிருந்து உதிரிபாகத்துக்காக வெட்டி வரும் ஹாஃப் கட் கார்களோடு நல்ல ரிம்கள் வருகின்றன. கடைக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் எடைக்கருவியைக் கையோடு கொண்டுபோய் ரிம்மை நிறுத்துப் பாருங்கள். ஒரு ரிம்மில் 3 கிலோ குறைந்தால் நான்கில் 12 கிலோ, அதுவும் சுழலும் எடை.

அப்புறம் ரிம்மைக் கவிழ்த்துப் போட்டு உள்பக்கத்தைப் பாருங்கள். நம்மூர் சாலைக் குழிகள் அடையாளம் வைப்பது அங்கேதான். ஈரத் துணியால் பிரேக் தூசியைத் துடைத்துவிட்டு, கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்து, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும், வெல்டிங் வைத்துத் தேய்த்த வழவழப்பான திட்டு இருந்தாலும் அந்த ரிம் வேண்டாம், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் சரி. அதற்குப் பிறகு, “தவுக்கே, பேலன்சிங் மெஷினில் ஒருதரம் சுற்றிக் காட்டுங்கள்” என்று கடைக்காரரிடம் கேளுங்கள். விளிம்புக்கு அருகில் ஒரு ஸ்குரூடிரைவர் முனையை அசையாமல் பிடித்தால், ரிம் சுற்றும்போது இடைவெளி கூடிக் குறைகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். சுற்றிக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

புகழ்பெற்ற ஜப்பானிய ரிம்களைப் போலவே வார்த்த நகல்கள் இங்கே ஏராளம். ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரைகளைத் தேடுங்கள். ஜேடபிள்யூஎல் என்பது தயாரிப்பாளர் தாமே சோதித்துப் போடுவது, விஐஏ வெளியார் சோதனைக்குப் பின் வருவது. முத்திரையையும் போலியாக வார்க்க முடியும் என்பதால் விரல் சோதனையை விடாதீர்கள்.

படி 4: டயர்

டயரின் பக்கச் சுவரில் டிரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். குறைந்த எண் என்றால் பொதுவாக மென்மையான ரப்பர், அதிகப் பிடி, சீக்கிரம் தேய்மானம். சாதாரண டயர்களில் 300, 400 என்று பார்க்கலாம். ஆரம்பக்காரருக்கு நான் சொல்வது 200. அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் போட்டிகளை நடத்தும் எஸ்சிசிஏ அமைப்பு தன் ஸ்ட்ரீட் வகுப்புக்கு 200-க்குக் குறையாத டயரைத்தான் அனுமதிக்கிறது, அதனால் அந்த எண்ணில் நல்ல டயர்கள் பல வந்துவிட்டன. யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09, டோயோ ஆர்1ஆர் ஆகியவை அப்படிப்பட்டவை. பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் இந்தோனேசியத் தயாரிப்பான அக்செலரா 651 ஸ்போர்ட்டைப் பாருங்கள். இந்த எண்ணைத் தயாரிப்பாளரே போடுகிறார், ஆகவே ஒரு நிறுவனத்தின் 200-ம் இன்னொன்றின் 200-ம் ஒன்றல்ல.

நான்காங் ஏஆர்-1 போல 80 எண்ணுள்ள செமி ஸ்லிக், அதாவது பள்ளக் கோடு குறைவான பந்தய வகை டயர், இப்போதைக்கு வேண்டாம். செப்பாங் பந்தயத் தடத்தின் 5.543 கிலோமீட்டர் சுற்றில் அந்த ரப்பர் சூடேறி வேலை செய்ய நேரம் உண்டு, நம் ஒரு நிமிட ஓட்டத்தில் அது போதாது. போட்டி முடிந்து கிளம்பும் நேரத்தில்தான் கோலாலம்பூரின் மாலை மழை கொட்டும். பள்ளக் கோடு குறைந்த டயரோடு கூட்டரசு நெடுஞ்சாலையில் தேங்கிய தண்ணீரில் ஏறினால் ஸ்டீயரிங் கையில் இருந்தும் பயனில்லை. மலிவாக வரும் பழைய செமி ஸ்லிக்கும் வேண்டாம். பலமுறை சூடாகிக் குளிர்ந்த ரப்பர், கோடு மீதமிருந்தாலும் இறுகிப் போயிருக்கும்.

காசு போதவில்லை என்று முன்னால் மட்டும் இரண்டு நல்ல டயர் போடாதீர்கள். முன்பக்கம் பிடித்துக்கொள்ள, ஈரச் சாலையில் பின்பக்கம் சுழன்றுவிடும். நான்கும் ஒரே டயராக வாங்கும்வரை காத்திருங்கள். முன்டயர்கள் வேகமாகத் தேயும் என்பதால் அவ்வப்போது முன்னும் பின்னும் மாற்றிப் போடுங்கள்.

படி 5: மாட்டுவது

நட்டுகளைக் கையால் ஏற்றி, குறுக்கு வரிசையில் முறுக்கி, கடைசியில் முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்லுங்கள். இந்த அளவு நட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர், சரியான எண் உங்கள் கார் கையேட்டில் இருக்கும். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சரிபாருங்கள்.

படி 6: காற்று

செலவே இல்லாமல் நேரம் குறைக்கும் வழி இது. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவைவிட முன்டயரில் 30 முதல் 40 கிலோபாஸ்கல், அதாவது 5 பிஎஸ்ஐ போல, கூட்டித் தொடங்குங்கள். பக்கச் சுவரில் உள்ள உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். டயரின் தோள்பட்டையில் பள்ளிக்கூடக் காலணிக்குப் போடும் வெள்ளையை மூன்று இடத்தில் பூசுங்கள். ஒரு ஓட்டம் முடிந்து பாருங்கள். தோளில் உள்ள சின்ன முக்கோணக் குறியைத் தாண்டியும் வெள்ளை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று ஏற்றுங்கள். முக்கோணத்துக்கு மேலேயே வெள்ளை மிச்சமிருந்தால் காற்று அதிகம், கொஞ்சம் இறக்குங்கள்.

வெயிலில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், ஆகவே வரிசையில் காத்திருக்கும்போது அளந்து, உங்களுக்கு ஒத்துவந்த அளவுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணையும் தேதி, தரையின் நிலையோடு குறித்து வைத்தால் அடுத்த போட்டியில் முதல் ஓட்டத்திலேயே சரியான இடத்தில் தொடங்கலாம். சூடாக இருக்கும்போது இறக்கிய டயர் ஆறியதும் குறைவாகக் காட்டும். வீடு திரும்பும் வழியில் முதல் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, நான்கையும் கதவோர அளவுக்குக் கொண்டுவந்த பிறகு நெடுஞ்சாலையில் ஏறுங்கள்.