ஸ்டானில் டைவர்ஜென்ஸ் எச்சரிக்கை: எனக்குக் கைகொடுத்த வழி

எட்டுப் பள்ளிகளின் பயிற்சி வகுப்புத் தரவை (1981-இல் டொனால்ட் ரூபின் அலசியது) ஸ்டானில் (பேய்சியன் புள்ளியியல் மென்பொருள்) ஓட்டும்போதெல்லாம் டைவர்ஜென்ஸ் எச்சரிக்கை, அதாவது கணக்கீடு தடம்புரண்டது என்ற அறிவிப்பு, வந்துகொண்டே இருந்தது. அடிகளைச் சிறிதாக்க உதவும் அடாப்ட் டெல்டா அமைப்பை 0.8-இலிருந்து 0.99-க்கு ஏற்றினேன். எச்சரிக்கை குறைந்தது, ஓட்டம் மந்தமானது, கோளாறு மட்டும் போகவில்லை.

டௌவின் (பள்ளிக்குப் பள்ளி விளைவு மாறும் அளவு) லாகரிதத்தையும் முதல் பள்ளியின் தீட்டாவையும் (அந்தப் பள்ளியில் பயிற்சியின் விளைவு) வரைபடமாகப் போட்டதும் காரணம் தெரிந்துவிட்டது. அச்சு அசலாக ஒரு புனல்! டௌ சிறுத்தால் தீட்டாக்கள் எல்லாம் மியூவை (எல்லாப் பள்ளிகளுக்குமான சராசரி விளைவு) ஒட்டி நெருக்கிக்கொள்கின்றன. ஸ்டானின் தானியங்கி வகையீடு சாய்வைச் சரியாகத்தான் தருகிறது. ஆனால் புனலின் அகன்ற வாய்ப்பகுதிக்குத் தோதான அடியளவு (ஒவ்வொரு நகர்வின் நீளம்), குறுகிய கழுத்தில் பெரிதாகிவிடுகிறது. சாம்ப்ளர் (மதிப்புகளைத் தேடி எடுக்கும் நிரல்) அங்கே தடம்புரள்கிறது. டௌவின் சிறிய மதிப்புகள் விடைக்குள் வராமலே போகின்றன. எச்சரிக்கையை அலட்சியம் செய்யக்கூடாது என்பது இதனால்தான்.

மாதிரியை மாற்றவில்லை, எழுதும் விதத்தை மட்டும் மாற்றினேன். ஸ்டான் நிரலின் பாராமீட்டர்ஸ் பகுதியில் தீட்டாவுக்குப் பதில் ஈட்டா; அதற்கு சராசரி 0, திட்டவிலக்கம் 1 கொண்ட நார்மல் பரவல். டிரான்ஸ்ஃபார்ம்டு பாராமீட்டர்ஸ் பகுதியில் தீட்டா = மியூ + டௌ × ஈட்டா. அவ்வளவுதான், எச்சரிக்கை நின்றது. டௌ சுழியத்துக்குப் பக்கத்திலும் தாராளமாக சாம்பிள்கள் விழுந்தன.

இதேபோன்ற பைத்தான் நூலகமான நம்பைரோவில் இதையே லோக்ஸ்கேல்ரீபாரம் என்ற வசதி செய்து தரும். ஒவ்வொரு குழுவிலும் தரவு ஏராளமாக இருந்தால் மட்டும் பழைய வடிவமே நன்றாக ஓடும். அங்கே இதைத் திணிக்காதீர்கள்.