கொழும்புக்குக் குடிவரும் தம்பதிகளுக்கு: சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகக் கொழும்பு வந்து சேரும் கணவன் மனைவிக்காக இதை எழுதுகிறேன். வீடு எங்கே கிடைக்கும், எந்தக் கடையில் நல்ல அரிசி என்பதெல்லாம் வெள்ளவத்தையில் இறங்கிய இரண்டாம் நாளே தெரிந்துவிடும். அங்குள்ள பெரிய சாலையான காலி வீதியில் யாரைக் கேட்டாலும் தமிழிலேயே சொல்வார்கள். எங்களுக்கு யாரும் சொல்லாமல் விட்டது வேறொன்று: வீட்டுப் பாஸ்வேர்டுகளை எப்படி வைத்துக்கொள்வது என்பது. அதற்கு நாங்கள் ஒரு விமான டிக்கெட்டும், இரண்டு நாள் லீவும், நான்கு நாள் தூக்கமும் கொடுத்தோம்.

முதலில் அலுவலக வேலைகள். குடியிருப்பு விசாவுக்குப் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களத்துக்குப் போகவேண்டும். காகிதங்களைக் கம்பெனிக்காரர்களே பெரும்பாலும் தயார் செய்து தருவார்கள். விசா முத்திரை விழுந்ததும் பாஸ்போர்ட்டோடு போய் வங்கிக் கணக்கு திறங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் வாங்கும் சுற்றுலா சிம்முக்குக் கால வரம்பு உண்டு. அந்த எண்ணை வங்கியில் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டைக் காட்டிச் சாதாரண சிம் ஆளுக்கொன்று வாங்கி, அந்த எண்ணைக் கொடுங்கள். இங்கே ரீசார்ஜ் என்று கேட்டாலும் புரியும், ஆனால் ரீலோட் என்பதுதான் பேச்சு. இவ்வளவுதான், இதெல்லாம் தானாக நடந்துவிடும்.

இனி பாஸ்வேர்டு விஷயம். நம் ஊரில் எல்லாம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கரண்ட் பில், கேஸ், பேங்க், பிள்ளையின் ஸ்கூல் எல்லாவற்றிலும் கணவரின் எண்தான். பாஸ்வேர்டு மாமனாரின் டைரியில் கடைசிப் பக்கத்தில் இருக்கும், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வோம். போன் தொலைந்தால் ஆதாரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குப் போனால் அன்றைக்கே மாற்று சிம் கையில். அந்த வசதி இருந்ததால்தான் அந்தப் பழக்கம் அங்கே யாரையும் கடிக்கவில்லை. கடலைத் தாண்டியதும் கடிக்கிறது.

நாங்கள் கொஞ்சம் விவரமாக இருப்பதாக நினைத்து, வரும்போதே பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்று, அதாவது எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே பெட்டியில் பூட்டி வைக்கும் ஆப், போட்டுக்கொண்டு வந்தோம். ஒரே கணக்கு, என் கணவரின் மின்னஞ்சல், பெட்டியைத் திறக்க ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு. அதையே அவர் போன், என் போன், அவர் லேப்டாப், மகளின் டேப்லெட் நான்கிலும் திறந்து வைத்தோம். லாகின் செய்ய ஆறு இலக்க எண் கேட்கும். அதைக் காட்டும் ஆப் அவர் போனில் மட்டும். அந்த எண் கிடைக்காமல் போனால் அதற்குப் பதிலாகப் போட ரெகவரி கோட் என்று 32 எழுத்து கொடுத்தார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று அதை அந்த மேனேஜருக்குள்ளேயே ஒரு குறிப்பாகப் போட்டு வைத்தார். எல்லாம் முறையாகச் செய்ததாகவே இருவரும் நம்பினோம்.

வெள்ளவத்தையிலிருந்து கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்குக் காலை ரயில் எப்படி இருக்கும் என்று வந்ததும் பார்ப்பீர்கள். கதவு மூடாது, கால் வைக்க இடம் இருந்தால் அது அதிர்ஷ்டம், ஒரு பக்கம் முழுக்கக் கடல். கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்ல நான் கூப்பிட்டேன். பம்பலப்பிட்டி தாண்டி வாசலில் நின்றபடி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தவர் கையிலிருந்து அது நழுவிப் பாதையோரப் பாறைகளில் விழுந்தது. கொள்ளுப்பிட்டியில் இறங்கித் திரும்ப நடந்து போய்த் தேடினார். கிடைக்கவில்லை. யாரோ எடுத்துவிட்டார்கள் என்ற பயத்தில், ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் லேப்டாப்பில் முதல் வேலையாக மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்.

அந்த நேரம் நான் வீட்டு உரிமையாளருக்கு வாடகை அனுப்ப அவர் கணக்கு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த திரை ஒரு நொடி வெளுத்தது. மின்னஞ்சல், பாஸ்வேர்டு, லாகின் என்று மூன்று வரி மட்டும் வந்தது. எங்கள் மேனேஜரில் மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றினால் எல்லாக் கருவிகளிலும் வெளியே தள்ளிவிடும். மாற்றிய லேப்டாப்பையும் சேர்த்துத்தான். புதிய பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். ஆனால் ஆறு இலக்க எண் பாறைக்கிடையில் கிடக்கிற போனில். அதற்கு மாற்றான 32 எழுத்தோ திறக்க முடியாத பெட்டிக்குள். அவர் ஜிமெயிலின் பாஸ்வேர்டும் அங்கேதான். ஜிமெயிலை மீட்கலாம் என்றால் எஸ்எம்எஸ் அவருடைய இந்திய எண்ணுக்குப் போகும், அந்த சிம்மும் அதே போனில்.

அந்த மேனேஜர் ஆப்பின் கம்பெனியைக் கேட்டால் திறந்து தருவார்கள் என்று நினைக்காதீர்கள். நம் கருவியிலேயே பூட்டித்தான் தகவல் அவர்களிடம் போகிறது. அவர்களிடம் சாவியே கிடையாது. நல்ல மேனேஜர் எதுவானாலும் இப்படித்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை எங்கள் ஏற்பாட்டில்.

மூன்றாம் நாள் இரவுதான் எனக்கு டேப்லெட் நினைவுக்கு வந்தது. மூன்று வாரமாகச் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்தது. பாஸ்வேர்டு மாறியது அதற்குத் தெரியாது. இணையம் கிடைத்த நிமிடமே தெரிந்துவிடும், அப்போது அதுவும் எங்களை வெளியே தள்ளிவிடும். அதனால் முதலில் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். என் போனில் ஹாட்ஸ்பாட் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். அரைமணி சார்ஜ் ஏறட்டும் என்று காத்திருந்து, பழைய மாஸ்டர் பாஸ்வேர்டைப் போட்டேன். திறந்தது. அவர் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, மகளின் கோடு போட்ட நோட்டில் எழுதினேன். எழுதியதை நான் வாசிக்க அவர் சரிபார்த்தார். பிறகுதான் ரவுட்டரைப் போட்டோம். புதிய பாஸ்வேர்டும் அந்த 32 எழுத்தும் போட்டதும் பெட்டி திறந்தது. ராத்திரி ஒன்றரை மணிக்கு இருவரும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஆனாலும் இந்திய வங்கிகள் ஓடிபி கேட்டன. கிரெடிட் கார்டு கட்ட வேண்டிய நாள் போயிற்று. மாற்று சிம் வாங்க அவர் சென்னைக்குப் பறக்க வேண்டியதாயிற்று. சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்பது அங்கே விதி. அது தெரியாமல் மறுநாள் திரும்ப டிக்கெட் போட்டிருந்தார். அதையும் மாற்றினோம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு கணக்கை இரண்டு பேர் பயன்படுத்தாதீர்கள். ஆளுக்கொரு கணக்கு, நடுவில் பொதுப் பெட்டி ஒன்று. பிட்வார்டன் என்ற மேனேஜரில் இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளக் காசு வேண்டாம். குடும்பத் திட்டம் எடுத்தால் ஆறு பேர் வரை. ஒன்பாஸ்வேர்டு என்ற இன்னொரு மேனேஜரின் குடும்பத் திட்டம் ஐந்து பேருக்கு. அதில் குடும்ப நிர்வாகியாக இருப்பவர் மற்றவரின் கணக்கை மீட்டுக் கொடுக்கலாம். இங்கேதான் கவனம் வேண்டும்: கணவர் மட்டும் நிர்வாகியாக இருந்தால் அவர் மாட்டிக்கொள்ளும்போது மீட்க யாரும் இல்லை. இருவரையும் நிர்வாகியாக்குங்கள். வீட்டில் எல்லாம் ஐபோன் என்றால் ஐஓஎஸ் 17 முதல் ஆப்பிளிலேயே பாஸ்வேர்டு பகிர்வுக் குழு உண்டு. ஒருவர் ஐபோன், ஒருவர் ஆண்ட்ராய்டு என்றால் தனி ஆப்தான் தொல்லையில்லாதது.

பொதுப் பெட்டியில் மின்சாரக் கணக்கு எண், தண்ணீர் பில், ரவுட்டர், வீட்டு உரிமையாளரின் வங்கி விவரம், பிள்ளையின் பள்ளி. கரண்ட் பில் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் பெயரில்தான் வரும், அதனால் கணக்கு எண் இருவரிடமும் இருப்பது முக்கியம். அவர் ஆபீஸ் விஷயமும் என் மின்னஞ்சலும் அவரவர் பெட்டியில். புருஷன் பொண்டாட்டிக்குள் என்ன ரகசியம் என்று என் மாமியார் கேட்டார். ரகசியம் ஒன்றும் இல்லை அத்தை, ஒருவர் வழுக்கினால் மற்றவர் நிற்பதற்கு இடம் வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அதை இன்னும் நம்புகிறேன்.

ஆறு இலக்க எண்ணுக்கான க்யூஆர் கட்டம் திரையில் வரும்போது இரண்டு போனையும் எடுத்து இரண்டிலும் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டிலும் ஒரே எண், 30 விநாடிக்கொருமுறை சேர்ந்தே மாறும். பத்து விநாடி வேலை. இதைச் செய்திருந்தால் எங்கள் பெட்டி பூட்டிக்கொண்டிருக்காது என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ரெகவரி கோட் காகிதத்தில், பேனாவால். இரண்டு பேருடையதும். கூடவே மேனேஜர் கணக்குக்குக் கொடுத்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டும். ஆறு இலக்க எண் கேட்கும் இரண்டாம் கட்ட லாகினைப் போடாமல் விட்டாலும் தப்பிக்க முடியாது. புதிய கருவியில் நுழைந்தால் பிட்வார்டன் மின்னஞ்சலுக்கு ஒரு எண் அனுப்பிக் கேட்கும். அந்த மின்னஞ்சல் பாஸ்வேர்டு பெட்டிக்குள்ளேயே இருந்தால் மறுபடி அதே வட்டம். ஒரு பிரதி இங்கே பாஸ்போர்ட் உறையில். இன்னொன்று கும்பகோணத்தில் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே. கவரை ஒட்டிக் கொடுத்தபோது உள்ளே என்ன, நிலப் பத்திரமா என்று கேட்டாள். அதைவிட முக்கியம் அம்மா என்றேன். வாரத்துக்கொருமுறை போனில் அது இருக்கிறது, கவலைப்படாதே என்கிறாள். அந்தக் குரலுக்காகவே சில நாள் நானாகக் கேட்பேன்.

கொழும்பு வந்தபின் இந்திய சிம்மை வீட்டுக்கு வெளியே கொண்டு போகாதீர்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன் ரோமிங் போட்டு, இரண்டு இந்திய சிம்மையும் பழைய இரட்டை சிம் போன் ஒன்றில் போட்டுக் கொழும்பு வீட்டிலேயே வையுங்கள். பழைய போன் இல்லையென்றால் கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவில் பாருங்கள். தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாவிட்டால் எண் போய்விடலாம். ஆகவே ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் எழுதி, மாதம் ஒருமுறை ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள்.

போன் தொலைந்துவிட்டால் கை நடுங்கும், தெரியும். ஆனாலும் மாஸ்டர் பாஸ்வேர்டைத் தொடாதீர்கள். முதலில் இன்னொரு போனிலிருந்து தொலைந்த போனைப் பூட்டுங்கள், சிம்மை நிறுத்துங்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்துப் பிரதி வாங்கி வையுங்கள், சிங்களம் தெரிந்த பக்கத்து வீட்டு அக்கா ஒருவரை அழைத்துப் போனால் வேலை சீக்கிரம் முடியும். பிறகு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, துணையின் கருவியில் பெட்டி திறக்கிறதா, ஆறு இலக்க எண் இன்னொரு போனில் வருகிறதா, காகிதம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால்தான் பாஸ்வேர்டை மாற்றுவது. பூட்டிய போனுக்குள் பூட்டிய பெட்டியை எடுத்தவன் அந்த ஒரு மணி நேரத்தில் திறந்துவிட மாட்டான்.

அந்தப் பாறைப் போன் பிறகும் கிடைக்கவில்லை. ரயிலில் போகும்போது அவர் இப்போது போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுகிறார். நானும் ஒன்பது மணிக்கு முன்னால் கூப்பிடுவதில்லை.