தேவ பராமரிப்பு: நம்புகிற விஷயத்தை எங்கெல்லாம் தவறாகப் பிடிக்கிறோம்

"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்." கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் பார்க்கலாம், கல்லறைக் கல்லில் பார்க்கலாம். துக்க வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்ல வருகிறவர் வாயிலும் இதுதான் முதலில் வரும். யோபு புத்தகம், முதல் அதிகாரம், 21ஆம் வசனம். ஆனால் அதைச் சொன்னது யார் என்று பாருங்கள். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த யோபுதான் சொன்னார். துக்கம் விசாரிக்க வந்த நண்பர்கள் சொல்லவில்லை. அவர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் எல்லாம் சரி. அப்புறம் வாயைத் திறந்து, இது ஏன் நடந்தது என்று விளக்க ஆரம்பித்தார்கள். பக்கம் பக்கமாக, பக்தியோடுதான் விளக்கினார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுளுடைய கோபம் மூண்டது அவர்கள் மேல்.

தேவ பராமரிப்பைப் பற்றிய பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. கத்தோலிக்கர் இறைப்பராமரிப்பு என்பார்கள், விஷயம் ஒன்றே. உலகத்தைப் படைத்தவர் அதைப் பாதியில் விட்டுப் போகவில்லை, தாங்குகிறார், நடத்துகிறார், தாம் நினைத்த முடிவுக்குக் கொண்டுபோகிறார் என்பது இந்த நம்பிக்கை. 1563இல் ஜெர்மனியில் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடை, கேள்வி பதிலாக விசுவாசத்தைக் கற்றுத்தரும் சீர்திருத்தச் சபை நூல், இதை அழகாகச் சொல்கிறது: மழையும் வறட்சியும், விளைந்த வருஷமும் விளையாத வருஷமும், சுகமும் நோயும், செல்வமும் வறுமையும் தற்செயலாக வருவதில்லை, ஒரு தகப்பனுடைய கையிலிருந்து வருகின்றன. அடுத்த கேள்வி இன்னும் முக்கியம். இதைத் தெரிந்துகொண்டு நமக்கு என்ன பயன்? கஷ்டத்தில் பொறுமை, நன்மையில் நன்றி, வரப்போகிற நாளைப் பற்றிப் பயமில்லாத நம்பிக்கை. அவ்வளவுதான் பதில். பக்கத்து வீட்டில் ஏன் இடி விழுந்தது என்று கண்டுபிடிக்கலாம் என்பது அதில் இல்லை.

அடுத்தவர் துன்பத்துக்குக் காரணம் எழுதுவது

1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள். போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் காலைப் பூசைக்காகக் கோவில்கள் நிரம்பியிருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. கூரைகள் விழுந்தன, மெழுகுவர்த்திகள் சரிந்து நெருப்புப் பிடித்தது, ஆற்று முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

உடனே விளக்கங்கள் கிளம்பின. மலக்ரிடா என்ற இயேசு சபைக் குரு மறு வருஷமே ஒரு பிரசுரம் எழுதினார்: இதற்குக் காரணம் இயற்கை இல்லை, லிஸ்பனின் பாவங்கள்தான், ஆகவே முதல் வேலை மனந்திரும்புதல். சீர்திருத்தச் சபைக்காரர்களின் இங்கிலாந்தில், மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி இதே நிலநடுக்கத்தைப் பற்றி எழுதும்போது வேறு கணக்குப் போட்டார். மதக் கொள்கையை மீறினவர்களைத் தண்டித்த கத்தோலிக்க விசாரணை மன்றங்கள் அங்கே தண்ணீராய்ச் சிந்தின இரத்தத்துக்குக் கடவுள் பதில் கேட்கிறாரோ என்று கேட்டார். அதாவது ஒருவருக்கு லிஸ்பனின் பக்தி போதவில்லை, இன்னொருவருக்கு அந்த பக்தியே குற்றம். பேரழிவைப் படித்துச் சொல்கிறேன் என்று கிளம்புகிறவர், பெரும்பாலும் ஏற்கெனவே தன் மனதில் எழுதி வைத்திருந்ததைத்தான் படிக்கிறார்.

இயேசுவிடமும் இந்தக் கேள்வி வந்தது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்றார் (லூக்கா 13). பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோதும் இரண்டும் இல்லை என்றார் (யோவான் 9). இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும், எந்த வீட்டில் ஊனமுற்ற குழந்தை பிறந்தாலும் "என்ன பாவமோ" என்று கிசுகிசுக்கிற வழக்கம் நம் சபைகளில் போகவில்லை. ஊழ்வினையை நம்பவில்லை என்று பிரசங்கித்துவிட்டு, பின்வாசல் வழியாக அதையே உள்ளே கூட்டிவருகிறோம்.

இதற்கு எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை. கடற்கரைப் பக்கம் கடை வைத்திருந்தவர்களும் கிறிஸ்துமஸ் முடிந்து வந்திருந்த திருப்பயணிகளுமாக நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். உள்ளே இருந்து பிழைத்தவர் நன்றி சொல்லத்தான் வேண்டும், அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் அந்த நன்றி, "நம்மைக் காத்தார், ஏனென்றால் நாம் கோவிலில் இருந்தோம்" என்று நீளும்போது, வெளியே மணலில் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த தாயின் மேல் அது தீர்ப்பாக விழுகிறது. அவளும் அதே கோவிலுக்குத்தான் வந்திருந்தாள்.

அப்போஸ்தலர் 12ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான், பேதுருவைச் சிறையில் போட்டான். பேதுருவைத் தூதன் வந்து வெளியே கொண்டுபோனான். இருவரும் அப்போஸ்தலர்கள், இருவரும் இயேசுவுக்கு மிக நெருக்கமானவர்கள், நடந்தது ஒரே அதிகாரத்தில். ஒருவர் செத்தார், ஒருவர் தப்பினார். லூக்கா காரணம் எழுதவில்லை. சாட்சி சொல்கிறவர்கள் இந்த அடக்கத்தைக் கற்றுக்கொண்டால் போதும்.

"எல்லாம் நன்மைக்கே"

ரோமர் 8:28 வேறொன்று சொல்கிறது. தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிறது. நடப்பதெல்லாம் நல்லது என்று அது சொல்லவில்லை. அந்த நன்மை எது என்று அடுத்த வசனமே சொல்லிவிடுகிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. வேலை உயர்வோ வீட்டு மனையோ அங்கே பேச்சில் இல்லை. கொஞ்சம் கீழே போனால் பசி, நிர்வாணம், பட்டயம் என்று பவுலின் பட்டியல் நீளுகிறது. இவையெல்லாம் விசுவாசிக்கு வரும் என்று எடுத்துக்கொண்டுதான் அவர் எழுதுகிறார்.

யோசேப்பின் கதையில் இது பச்சையாகத் தெரியும். 17 வயதில் சொந்த அண்ணன்மாராலேயே 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டான். பார்வோன் முன்னால் நின்றபோது வயது 30. நடுவில் அடிமைத்தனம், பொய்க் குற்றச்சாட்டு, சிறை. சிறையில் இருக்கும்போது அவன் "எல்லாம் தேவ சித்தம்" என்று உட்கார்ந்துவிடவில்லை. என்னை எபிரெயரின் தேசத்திலிருந்து களவாய்க் கொண்டுவந்தார்கள், இங்கே போடப்படும்படி நான் ஒன்றும் செய்யவில்லை, ராஜாவிடம் சொல்லி என்னை வெளியே எடு என்று பானபாத்திரக்காரனிடம் கெஞ்சினான். அநியாயத்தை அநியாயம் என்றே சொன்னான். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்ற வாக்கியம் வருவது ஆதியாகமத்தின் கடைசி அதிகாரத்தில், அப்பாவை அடக்கம் செய்த பிறகு. அங்கேயும் தீமையைத் தீமை என்று சொல்லிவிட்டுத்தான் மீதியைச் சொல்கிறான்.

இந்த வாக்கியத்தை அண்ணன்மார் சொல்லியிருந்தால் எப்படி இருக்கும்? "தம்பி, நாங்கள் உன்னைக் குழியில் போட்டதும் கடவுள் செயல்தான்." கேட்கவே கூசுகிறது அல்லவா? ஆனால் குடித்துவிட்டு அடிக்கிற கணவனோடு வாழும் பெண்ணிடம் "ஆண்டவர் கொடுத்த சிலுவை, பொறுத்துக்கொள்" என்று சொல்கிற மூப்பர் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறார். யோசேப்பின் வசனத்தை அண்ணன்மார் வாயில் வைத்துப் பேசுகிறார். அடி வாங்கினவர் பல வருஷம் கழித்து, தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டியதை, அடி விழுகிற நேரத்தில் வேறொருவர் சொன்னால் அது உபதேசம் ஆகாது.

அப்படியானால் தீமைக்கும் கடவுள்தான் பொறுப்பா என்ற கேள்வி இங்கே வரும். கால்வின் வழி வந்த சபைகளும், கத்தோலிக்கத் திருச்சபையும், வெஸ்லி வழி வந்தவர்களும் கடவுளுடைய தீர்மானம், மனித சுயாதீனம் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். இந்த ஒன்றில் மட்டும் பேதமில்லை: பாவத்துக்குக் கர்த்தா கடவுள் இல்லை. கால்வின் வழிச் சபைகளின் 1646இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் அப்படியே சொல்கிறது, 1992இன் கத்தோலிக்க மறைக்கல்வி ஏடும் அப்படியே சொல்கிறது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சிலுவையைப் பற்றிப் பேசும்போது, தேவன் நிர்ணயித்த ஆலோசனை என்றும் சொன்னார், அக்கிரமக்காரருடைய கைகள் என்றும் சொன்னார். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்கவில்லை.

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று கையைக் கட்டிக்கொள்வது

பவுல் ரோமாவுக்குப் போன கப்பலில் 276 பேர். புயலில் 14 நாள் சாப்பாடு இல்லை. ஒருவர் உயிருக்கும் சேதம் வராது என்று தேவதூதன் பவுலிடம் சொல்லியாகிவிட்டது. அதற்கப்புறம் நடுராத்திரியில் கப்பலாட்கள், முன்பக்கத்தில் நங்கூரம் போடுகிற சாக்கில் படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பிக்கப் பார்த்தார்கள். பவுல் என்ன செய்தார்? வாக்குத்தத்தம் இருக்கிறது, போகட்டும் என்று விடவில்லை. "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப்பிழைக்கமாட்டீர்கள்" என்று நூற்றுக்கு அதிபதியிடம் சொன்னார். சேவகர்கள் கயிற்றை அறுத்துப் படகை விழவிட்டார்கள். அப்புறம் எல்லாரையும் சாப்பிட வைத்தார், கோதுமையைக் கடலில் கொட்டினார்கள், நீந்தத் தெரிந்தவர்கள் குதித்தார்கள், மற்றவர்கள் பலகைமேல் ஏறினார்கள். தூதன் சொன்னது நிறைவேறியது மாலுமிகளின் திறமையாலும் பலகையாலும்தான்.

மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று போதிக்கிற சபைகள் நம்மிடம் உண்டு. 1527இல் விட்டன்பெர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது லூத்தர் எழுதிய கடிதம் அவர்களுக்குத் தெரிந்தால் நல்லது. கடவுள் காக்கும்படி வேண்டிக்கொள்வேன், அப்புறம் வீட்டுக்குப் புகை போடுவேன், மருந்து எடுப்பேன், என் தேவை இல்லாத இடத்துக்குப் போகமாட்டேன், ஆனால் அயலானுக்கு நான் தேவைப்பட்டால் போவேன் என்று எழுதினார். மருந்தை ஒதுக்குவது கடவுளைச் சோதிப்பது என்றும் சொன்னார். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் 91ஆம் சங்கீதத்தை மேற்கோள் காட்டினது சாத்தான் என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

கதவு திறந்ததா, அடைத்ததா

விசா கிடைத்தது, ஆகவே தேவ சித்தம். வரன் தட்டிப்போனது, ஆகவே சித்தமில்லை. இந்தக் கணக்கு நம் வீடுகளில் தினசரி நடக்கிறது. யோனா ஓடிப்போக நினைத்து யோப்பாவுக்கு வந்தபோது தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது, கையில் கூலியும் இருந்தது. கதவு அகலத் திறந்திருந்தது, திசைதான் தவறு. தாவீதைக் கொல்லத் தேடின ராஜா சவுல் எங்கேதி குகையில் தனியாக உள்ளே வந்தபோது, கர்த்தர் சொன்ன நாள் இதுதான், வெட்டு என்று தாவீதின் ஆட்கள் சொன்னார்கள். சந்தர்ப்பம் அமைந்ததை அவர்கள் அனுமதியாக வாசித்தார்கள். தாவீது சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்தார், அதற்கும் அவர் மனது அடித்துக்கொண்டது. அவர் பார்த்தது கட்டளையை. அபிஷேகம் பண்ணப்பட்டவன்மேல் கை போடக்கூடாது என்பது குகைக்கு வெளியேயும் உள்ளேயும் ஒன்றுதான்.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் அடிக்கடி வருவது எரேமியா 29:11, அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே. அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதியது. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று அனனியா என்பவன் சொல்லிக்கொண்டிருந்தான், ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது. எரேமியா 70 வருஷம் என்றார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், உங்களைச் சிறையாக்கின பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்றார். கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பமாட்டார்கள் என்று தெரிந்தே சொன்ன ஆறுதல் அது.

எல்லாம் முன்பே தீர்மானம் ஆகிவிட்டதென்றால் ஜெபம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கும் இதே 70 வருஷக் கணக்கில் ஒரு பதில் இருக்கிறது. தானியேல் புத்தகம் 9ஆம் அதிகாரத்தில் தானியேல் எரேமியாவின் அந்த எண்ணிக்கையைப் புத்தகத்தில் படித்தார். காலம் முடியப்போகிறது, தானாக நடக்கும் என்று புத்தகத்தை மூடி வைக்கவில்லை. படித்ததனால்தான் இரட்டு உடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, உபவாசத்தோடு மன்றாடத் தொடங்கினார்.